சிவப்பு ஒயினில் ஒரு சேவல்

அக்டோபர் 8, புதன்

காலை சர்க்கரை 146. விடியும்போது தூறல், எட்டு மணிக்கெல்லாம் வெயில்.

பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் அமலாவின் முழுப்பெயர், அமலோற்பவமேரி என்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தது. உள்ளே இருந்தது பிரெஞ்சு. எனக்கு அந்த மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். பின்தெரு லூயியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கே திரும்பி வந்தவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை மனசுக்குள் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். என்னை எப்போதும் முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

"நவம்பர் ஒண்ணாந்தேதி வர்றாங்களாம் முசே. மூணு நாளு. ஓட்டல்ல ரூம் போட்டாச்சாம். கல்லறைத் திருநாள் அன்னிக்கு உங்க ரெண்டு பேரோட இருக்கலாமான்னு கேக்கறாங்க."

எழுதியவள் செலின். இந்த நோட்டில் அவள் பெயர் இதுவரை வந்ததில்லை. என் மகன் தனிஸ்லாஸ் நாந்த் நகரத்தில் அவளோடு ஐந்து வருடம் வாழ்ந்தான். அவள் முதல் கணவனை விட்டு வந்தவள். கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. போன நவம்பர் பதினெட்டாம் தேதி காலை, வேலைக்குச் சைக்கிளில் போகும்போது லாரி மோதி தனிஸ் இறந்துபோனான். வயது முப்பத்தாறு. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாங்கள் போகவில்லை. விசா கிடைக்கவில்லை.

அமலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வரட்டும்" என்றாள். கீரை முழுவதும் ஆய்ந்து முடித்த பிறகு, "வர்றவங்களுக்கு என்னா ஆக்கிப் போடுறது?" என்றாள்.

தனிஸ் போனதிலிருந்து அவள் கறி சமைப்பதில்லை, தொடுவதும் இல்லை.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நாற்பது வருடத்தில் சமையலைப் பற்றி நான் இப்படிச் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

செய்யப்போவது கோக் ஓ வேன். முற்றிய சேவலைச் சிவப்பு ஒயினில் ஒருநாள் ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் செய்து சாப்பிடுவது. தனிஸ் அங்கே ஒரு உணவகத்தில் சமையல்காரனாக இருந்தான். அவள் அவன் கையால் இதை நிறையச் சாப்பிட்டிருப்பாள்.

செய்முறை என்னிடம் இருக்கிறது.

வேண்டியவை: சேவல், ஒயின், வெண்ணெய், சின்ன வெங்காயம், காரட், பூண்டு, காளான், உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, கொஞ்சம் மைதா, ஒரு கரண்டி பிராந்தி. தைம் என்று ஒரு இலை. அது லூயி வீட்டில் இருக்கிறதாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை சர்க்கரை 151. பூசை முடிந்து அமலாவை வீட்டில் விட்டுவிட்டு லூயியோடு ஒயின் கடைக்குப் போனேன். அறுபத்தெட்டு வயதில் முதல் முறை. கடை வாசலில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கோழி டாக்டர் சார், நீங்களா?"

பாகூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தபோது அவர் பண்ணைக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை என்று முப்பத்துநான்கு வருடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

"சமையலுக்கு" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றோம்" என்றார்.

லூயி நாசிக் ஒயின் நான்கு பாட்டில் எடுத்தார். சமையலில் ஊற்றப் பிரெஞ்சு ஒயின் வாங்குகிறவன் மடையன் என்று கடைக்காரருக்கும் எனக்கும் சேர்த்து விளக்கினார். திரும்பி வரும்போது சொன்னார்: "அடக்கத்துக்கே போயிருந்தா அந்தம்மாவ அப்பவே பாத்திருக்கலாம் முசே. பிரெஞ்சு கொன்சுலாவுல நான் பேசறேன், சாவுன்னா ரெண்டே நாள்ல விசா குடுத்துருவாங்கன்னு சொன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஒத்திகை பார்த்தேன். கடையில் வாங்கிய பிராய்லர் கோழி, ஒரு கிலோ. இரும்புச் சட்டியில் வைத்தேன். ஒயின் இரும்போடு சேர்ந்து மை மாதிரி கறுத்துவிட்டது. கறி அரை மணி நேரத்தில் எலும்பை விட்டுக் கழன்று நாராகிவிட்டது. வாயில் வைத்தால் ஆணியை நக்கியதுபோல் இருந்தது. நானே சாப்பிட்டேன்.

வெண்ணெய் உருகும்போது அமலா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"தீயத் தணிங்க. வெண்ண கருகுது."

தணித்தேன். போய்விட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

நல்ல மழை. பேப்பரில் 41 மி.மீ. என்று போட்டிருக்கிறது. வெளியே போகவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

செய்முறையை மறுபடி பார்த்தேன். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, போனின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மொத்தம் பதினோரு நிமிடம் ஓடுகிறது. தவறு எங்கே என்று புரிந்தது. இரும்பு கூடாது. குக்கரும் கூடாது. 'அவசரப்படாதீங்க, இது அவசரத்துக்கு மசியாத ஆளு' என்று நான்காவது நிமிடத்தில் சொல்கிறான். அதைப் போன தடவை கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

சொல்கிறவன் தனிஸ்தான். இதை எழுதாமல் இருக்க முடியாது. இது என் நோட்டு, வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி பதினொன்றாம் தேதி, என் போனுக்கு அனுப்பியிருந்தான். அன்று அமலாவின் பிறந்தநாள். அவளிடம் இருப்பது பட்டன் போன், அதில் வீடியோ வராது. ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன சமையலறையில் நிற்கிறான். தாடி வைத்திருக்கிறான். 'அம்மா, ஹேப்பி பர்த்டே. அப்பா, இத அம்மாகிட்ட கொஞ்சம் காட்டுங்க' என்று ஆரம்பிக்கிறான். பிறகு வெங்காயத்தைக் கையில் எடுத்துக் காட்டி, 'நம்ம ஊரு சின்ன வெங்காயந்தாம்மா இதுக்கு சரி. இங்க கெடைக்கறதுல காரமே இல்ல' என்கிறான்.

காட்ட நினைத்தேன். அன்று அமலாவுக்குக் காய்ச்சல். மறுநாள் காட்டலாம் என்று இருந்தேன். மறுநாள் மறந்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. எனக்கு ஆகாது. அமலா அரை அதிரசம் சாப்பிட்டாள்.

அக்டோபர் 22, புதன்

இரண்டாம் ஒத்திகை. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம். நாட்டுக்கோழி. இந்த முறை நிறம் சரியாக வந்தது, கரும்பழுப்பு. பிராந்தியை ஊற்றி நெருப்பு வைக்கும்போது தீ ஒரு முழம் எழுந்து வலது புருவத்தைக் கொஞ்சம் பொசுக்கியது. அமலா ஓடி வந்தாள். மூடியை எடுத்துப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்தாள். ஈரத்துணியை என் நெற்றியில் வைத்தாள்.

"யாரு சொல்லிக் குடுக்கறா இதெல்லாம்?"

"யூடியூப்."

"தமிழ்லியா, பிரெஞ்சுலியா?"

"தமிழ்ல."

"நல்லா சொல்லிக் குடுக்கறாரா?"

"ம்."

துணியைத் திருப்பிக் குளிர்ந்த பக்கத்தை வைத்தாள். "அப்ப சரி" என்றாள்.

ஒரு கிண்ணத்தில் குழம்பு மட்டும் எடுத்து வைத்தேன். சாப்பிடவில்லை. ஆனால் கொட்டவும் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அமலா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் ஜெபமாலை நகர்ந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 29, புதன்

காலை சர்க்கரை 160. தூக்கமில்லை.

பதினாறாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'மறுநாள் மறந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் தனிஸ் செலினைப் பற்றிச் சொன்னபோது, கல்யாணமாகாமல் இன்னொருத்தன் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிறவன் என் மகன் இல்லை என்று சொன்னேன். அவன், 'அப்பா, ஒரு தடவ அவளப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க' என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எண் வந்தால் எடுப்பதில்லை. எடுக்காததால் வருவது குறைந்தது. அந்த வீடியோதான் மூன்று வருடத்தில் அவன் எனக்கு அனுப்பிய முதல் செய்தி. அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கும் என்று பதினோரு நிமிடமும் பார்த்தேன். அம்மாகிட்ட காட்டுங்க என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. என்னைத் தபால்பெட்டியாக நினைத்துவிட்டான் என்று கோபம் வந்தது. அதனால் காட்டவில்லை.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அக்டோபர் 30, வியாழன்

வில்லியனூர் பக்கம் லூயியின் ஸ்கூட்டரில் போய்ச் சேவல் வாங்கி வந்தேன். விற்ற அம்மா ஒரு வயது என்றார். காலைப் பிடித்துப் பார்த்தேன். முள் ஒன்றேகால் அங்குலம், நுனி வளைந்திருந்தது. இரண்டு வயதுக்குக் குறையாது. அதுதான் எனக்கு வேண்டும்.

"கெழட்டுச் சேவல இன்னாத்துக்கு சார் தேடிப் புடிக்கறீங்க, வேவாதே" என்றார் அந்த அம்மா.

"மூணு மணி நேரம் வேகவைப்பேன்."

"வேலையத்த வேல" என்று சொல்லிச் சிரித்தார்.

கண் தெளிவு, கொண்டை நல்ல சிவப்பு, சளி இல்லை. முப்பத்துநான்கு வருடம் இந்த ஜாதிக்கு நோய் வராமல் பார்த்துக்கொண்டிருந்த கை. என்னால் அறுக்க முடியாது. கடையில் கொடுத்து வெட்டி வாங்கி வந்தேன். வெட்டும்போது தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 1, சனி

சகல புனிதர் திருநாள். காலை மழை, பத்து மணிக்கு மேல் நின்றது.

பூசைக்குப் போகும் முன்பே சேவலை ஒயினில் போட்டுவிட்டேன். வெங்காயம், காரட், பூண்டு, தைம், எட்டு மிளகு. மிளகு எண்ணிப் போட வேண்டும் என்று தனிஸ் சொல்கிறான். 'அம்மாவுக்காகப் பன்னெண்டு' என்றும் சொல்கிறான். பன்னிரண்டாக்கினேன்.

நான்கு மணிக்குச் செலின் வந்தாள். லூயி கூடவே இருந்து பேசினார். நான் வேறு மாதிரி ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தேன். உயரம் குறைவு. தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், நிறைய நரை. நாற்பத்துநான்கு வயதாம். நாந்தில் தபால் கொடுக்கும் வேலை. உறையில் அமலா பெயரை அவ்வளவு கவனமாக எழுதியது ஏன் என்று அப்போது புரிந்தது. வெயிலில் அலைந்து கழுத்தும் முன்கைகளும் மட்டும் சிவந்திருந்தன.

அமலாவுக்கு முன்னால் வந்து நின்றாள். பேச ஏதோ தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். தமிழில். "அம்மா, நான்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அமலா அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"காப்பு காச்சியிருக்குது பாருங்க" என்றாள் என்னிடம். "உக்காரச் சொல்லுங்க."

செலின் என்னிடம் கை நீட்டினாள். நானும் நீட்டினேன். லூயி எதையோ பார்க்கிறவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை ஆறரைக்கெல்லாம் அடுப்பைப் பற்றவைத்தேன். சேவலை ஒயினிலிருந்து எடுத்து, ஈரம் போகத் துடைத்து, பன்றிக் கொழுப்பு உருகிய பாத்திரத்தில் ஒவ்வொரு துண்டாகச் சிவக்க விட்டேன். பிராந்திக்குத் தீ வைக்கும்போது இரண்டடி தள்ளி நின்றேன். மைதா தூவி, ஒயினை ஊற்றி, கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடினேன். ஒன்பதரைக்கு வெந்திருந்தது. இறக்கி வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போனோம்.

உப்பளம் கல்லறையில் நல்ல கூட்டம். என் அப்பா அம்மா கல்லறையைக் கழுவிச் சாமந்திப்பூ வைத்தோம். செலின் வாளியை வாங்கித் தானே தண்ணீர் மொண்டு வந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஒன்றை எடுத்துத் தனியாகக் கீழே, மண்ணில் வைத்தாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. காற்றில் அணைந்தது. அமலா குனிந்து மறுபடி ஏற்றிவிட்டு, அணையாமல் கையை வளைத்து மறைத்துக்கொண்டு, மெழுகு பாதி உருகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைச் சூடாக்கி, தனியாக வதக்கிய வெங்காயத்தையும் காளானையும் சேர்த்தேன். நான்கு பேரும் உட்கார்ந்தோம். சோறும் இருந்தது, லூயி கொண்டுவந்த நீள ரொட்டியும் இருந்தது. அமலாவின் தட்டில் சோறும் ரசமும் வைக்கப்போனேன். "அதையே வைங்க" என்று பாத்திரத்தைக் காட்டினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு கறி சாப்பிடுகிறாள்.

செலின் முதல் வாயை வைத்துவிட்டு மெல்லாமல் இருந்தாள். பிறகு மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்காமல் சாப்பிட்டாள். லூயியிடம் ஏதோ சொன்னாள்.

"சேவல் அங்க கெடைக்கறதவிட நல்லா இருக்குதாம். ஒயின் கொஞ்சம் இனிப்பாம். ஆனா மொத்தத்துல உங்க புள்ள கைப்பக்குவந்தானாம். அவர் உணவகத்துல இத செஞ்சதே இல்லியாம், ஞாயித்துக்கிழமை வீட்டுல மட்டுந்தான் செய்வாராம்" என்றார் லூயி.

அவள் மறுபடி பேசினாள். இந்த முறை அமலாவைப் பார்த்து. சிரித்துக்கொண்டே பேசினாள். லூயியும் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அந்த வீடியோவ எடுத்தது இவங்கதானாம். மூணு தடவ எடுத்தாங்களாம். அம்மா அதப் பாத்துட்டு அழுதாங்களாம், ரெண்டு தடவ பாத்தாங்களாம்னு சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்க அவர் தரையிலேயே நிக்கலியாம். அவ்ளோ சந்தோசமாம். அந்த நன்றிய நேர்ல சொல்லணும்னுதான் வந்தாங்களாம்."

என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

அமலா என்னைப் பார்க்கவில்லை. செலினைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஆமா. பாத்தேன். நல்லா இருந்திச்சி. தாடி மட்டும் எடுத்திருக்கலாம்னு நெனச்சேன்" என்றாள்.

லூயி அதை மொழிபெயர்த்தார். செலின் வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் தாடியை எடுக்கச் சொன்னாளாம்.

தாடி வைத்திருந்தது அமலாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. போனில் சொல்லியிருப்பான். செலின் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான் என் தட்டில் இருந்ததை முடித்தேன். என்ன ருசி என்று தெரியாது.

நவம்பர் 3, திங்கள்

காலையில் லூயி செலினைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் நாங்கள் இருவர்தான். அமலா நேற்றைய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அமலா."

"தெரியும்" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்பலேந்து?"

"அனுப்புன மறுநாளே போன் பண்ணி, 'அம்மா, அப்பா காட்டுனாரா'ன்னு கேட்டான். நான் என்னா சொல்லுவேன்? காட்டலன்னா இனிமே ஒண்ணும் அனுப்ப மாட்டான். பாத்தேம்பா, ரெண்டு தடவ பாத்தேன், அழுதுட்டேன்னு சொன்னேன். அதோட வுட்டானா? காரட்டு பாத்தியாமா, நெருப்பு வெச்சனே அது பாத்தியாமா, என் தாடி எப்படி இருக்குதும்மான்னு ஒண்ணு ஒண்ணா கேக்கறான். எல்லாத்துக்கும் ஆமாம்பா ஆமாம்பான்னு சொல்லிக்கினே இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டு வாங்கறதா அது?"

கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் காட்டுவாரு, நாளைக்குக் காட்டுவாருன்னு இருந்தேன். அவன் செத்துட்டான்னு சேதி வந்துச்சே, அன்னிக்காவது காட்டுவீங்கன்னு உங்க கையையே பாத்துக்கினு இருந்தேன். நீங்க அந்த போன எடுத்து சட்டப் பைல போட்டுக்கினு வெளிய போயிட்டீங்க. எம்புள்ளகிட்ட நான் சொன்ன ஒரே பொய் அது. பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். எதுக்கும்மா பொய் சொன்னீங்கன்னு சாமியார் கேட்டாரு. உங்க பேர நான் சொல்லல."

தனிஸ் அவளோடு பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. புதன்கிழமை மாலைகளில், நான் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போகும் நேரத்தில் பேசுவானாம்.

இதையும் திருத்த வேண்டும். அவள் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போட்டது நான்தான். தெரியும்.

போனை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கூடத்தில் நின்றேன். 'அம்மா, ஹேப்பி பர்த்டே' என்று குரல் கேட்டது. ஒலியை முழுதாக வைத்திருந்தாள். பதினோரு நிமிடம் ஓடி முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி. மத்தியானம்வரை கதவு திறக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

செலின் கிளம்பினாள். வாசலில் அமலா அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் என்னிடம் வந்து பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னாள். லூயி உடனே மொழிபெயர்க்கவில்லை. கார் போன பிறகு கேட்டேன்.

"நீங்க கோவமா இருந்தது உங்க புள்ளைக்குப் புரிஞ்சுதாம். ஆனா அவர் உங்க மேல கோவமா இருந்ததில்லியாம். அத உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தாங்களாம்."

கொன்சுலாவில் பேச வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்று லூயியிடம் சொன்னேன்.

"தெரியும் முசே" என்றார்.

நவம்பர் 5, புதன்

அமலா கடலூருக்குத் தங்கை ரெஜினா வீட்டுக்குப் போய்விட்டாள். எத்தனை நாள் என்று கேட்டேன். "தெரியாது" என்றாள். என் போனை எடுத்துக்கொண்டாள். அவளுடைய பட்டன் போனை மேசைமேல் வைத்தாள். சண்டை எதுவும் இல்லை. மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்து இரண்டு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மீதம் இருந்த ஒரு பாட்டில் ஒயினைக் காணவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை.

நவம்பர் 8, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் முதலில் என்ன பாவம் என்று விளங்காமல், "வீடியோவா?" என்று கேட்டார். கெட்ட படம் என்று நினைத்துவிட்டார். முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் அவர் பரிகாரமாக ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "மனைவியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?" என்றார்.

போனைக் கொடுத்தேனே தவிர, கேட்கவில்லை. வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அந்த வார்த்தையை வாயால் சொல்லவே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இதைப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலைப் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது பட்டன் போன் அடித்தது. திரையில் என் எண். எடுத்தேன்.

"என்னாங்க, நான்தான். இந்த ஒயின ஊத்துனதுக்கு அப்புறம் அவன் எதையோ சொல்றான். அந்த எடத்துல காத்து சத்தமா இருக்குது, வெளங்கல. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"எந்த இடம்?"

"நெருப்பெல்லாம் அணைஞ்சி, ஜன்னலத் தொறக்கறானே, அங்க."

"ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கறத மரக்கரண்டியால சுரண்டி விடச் சொல்றான். அதுலதான் ருசி இருக்குதாம்."

"அதா. சரி." கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. பின்னால் ரெஜினா யாரையோ தள்ளி நிற்கச் சொன்னாள். "காரட்ட எடுத்துடணுமா?"

"கடைசில. இப்ப இருக்கட்டும்."

"இவங்க வீட்டுச் சேவல். மூணு வயசுங்கறா ரெஜினா."

"அப்ப நல்லா வேகணும்."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அமலா, நான் பண்ணது தப்பு. என்ன மன்னிச்சிடு" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

மூடி போடும் சத்தம் வந்தது. அடுப்பைத் தணித்திருப்பாள், சீறல் அடங்கியது.

"அதப் பத்தி இப்ப பேசல. எனக்கு இன்னும் மனசு ஆறல" என்றாள். பிறகு, "மூணு மணி நேரம் ஆவும்னு சொல்றான். இப்ப கெளம்புனீங்கன்னா வந்துடலாம். மத்தியான மாத்தர எடுத்துக்கினு வாங்க" என்றாள்.

மாத்திரையை எடுத்துக்கொண்டேன். குடையும் எடுத்துக்கொண்டேன். கடலூர் வண்டிக்கு டிரைவர் ஏறிவிட்டார்.